தூத்துக்குடி - கொழும்புக் கப்பலும் இலவசக் குடையும்



வ.உ.சிதம்பரம்பிள்ளை வெள்ளையருக்கு எதிராகக் கப்பல் விட்டவர் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கப்பல் வந்தது நமது கொழும்புக்குத்தான். ஆனால் இரு தரப்புக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று நாம் அதிகம் பேசுவதில்லை.

அன்று அந்தக் கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பனியின் கையில் இருந்தது. 1856 இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தபால் ஏற்றும் ஒப்பந்தத்தோடு ஆரம்பமான தனியார் கம்பனி அது. அரசின் தபாலையும் படையினரையும் ஏற்றியே வளர்ந்தது. பயணிகள் குறைந்தாலும் ஒப்பந்தப் பணம் குறையாது.

பிரித்தானியாவுக்கு இது புதிதல்ல. 1903 இல் கியூனார்ட் என்ற தனியார் கம்பனி இரண்டு பெரிய கப்பல்கள் கட்டுவதற்கு, 2.75 வீத வட்டியில் 26 இலட்சம் பவுண் கடன் கொடுத்தார்கள். வருடத்துக்கு 150,000 பவுண் மானியம் வேறு. நிபந்தனையும் இருந்தது: கம்பனி பிரித்தானியர் கையிலேயே இருக்க வேண்டும், யுத்தம் வந்தால் கப்பல்களைக் கடற்படைக்குக் கொடுக்க வேண்டும்.

1906 அக்டோபரில் பதிவான சுதேசிக் கப்பல் கம்பனிக்கு அப்படி ஒரு அரசு இல்லை. மக்கள்தான் இருந்தார்கள். மூலதனம் 10 இலட்சம் ரூபா. 25 ரூபா வீதம் 40,000 பங்குகள். அதில் 8,000 பங்குகளை 2 இலட்சம் ரூபா கொடுத்து வாங்கியவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒன்று ஒரு முஸ்லிம் வணிகரின் பணம்.

பிரிட்டிஷ் கம்பனி கட்டணத்தை ஒரு ரூபாவாக இறக்கியது. சுதேசிக் கம்பனி அரை ரூபாவாக்கியது. உடனே அவர்கள் இலவசமாக ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள் என்பார்கள். இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அரச ஒப்பந்தங்கள் உள்ள பெரிய கம்பனியால் அந்த நட்டத்தைத் தாங்க முடியும். பங்குக்காசில் ஓடும் கம்பனியால் எத்தனை நாள் முடியும்?

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911 இல் கம்பனி கலைக்கப்பட்டது.

அரசு தனியாருக்கு உதவுவது தவறு என்று நான் சொல்லவில்லை. கடலில் கப்பல் விடுவது சிறிய செலவல்ல. ஆனால் அது பொதுப்பணம். யாருக்குக் கொடுக்கிறார்கள், என்ன நிபந்தனையோடு கொடுக்கிறார்கள், அதனால் யார் அழிகிறார்கள் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

பிள்ளைகளுக்கு வ.உ.சி.யின் கதையைச் சொல்லும்போது பக்கீர் சேட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.