திருமலாபுரத்துக் கரி

லாஸ்கோ குகையைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. 1940-இல் கண்டெடுத்ததும், பார்வையாளர்களின் மூச்சுக்காற்று பட்டே சுவர் கெட்டு 1963-இல் மூடியதும் நமக்குத் தெரியும். கடையநல்லூர் பக்கம் திருமலாபுரம் என்று ஒன்று இருப்பது தெரியாது. தென்காசிக்குப் பலமுறை வந்தவன்தான் நான். எனக்கும் போன மாதம்வரை தெரியாது.

அழைத்துப்போன நண்பர் 'கற்கால ஓவியம்' என்றார். அல்ல. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய முற்காலப் பாண்டியர் குடைவரை. உள்ளே பாறையிலேயே செதுக்கிய லிங்கம், ஆடும் சிவன். ஓவியம் விதானத்தில். விழுப்புரம் பக்கம் கீழ்வாலையில் வெறும் பாறைமீது செங்காவியால் இழுத்த உருவங்கள் வேறு வகை. இங்கே பாறைக்குச் சுண்ணச் சாந்து பூசி, அதன் பக்குவம் தெரிந்து எழுதியிருக்கிறான், சித்தன்னவாசலில் போல. இதைக் கண்டு வெளியே சொன்னவர் ழூவோ துப்ராய், புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர்.

அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "உள்ள ஒண்ணுமில்ல ஐயா, கரிதான் கெடக்கு" என்றார். முக்கால்வாசி சரி. கண் பழகும்வரை காத்திருக்க வேண்டும். முதலில் கருப்பு. பிறகு கருப்புக்குள் ஒரு சிவப்புக் கோடு. அது வளைந்து தாமரை இதழாகிறது. பக்கத்தில் ஒரு பூதகணத்தின் தொடையோ, தோளோ. மீதியை மனசு எழுதிக்கொள்கிறது. அதை ஓவியத்தின் கணக்கில் சேர்க்கக்கூடாது. நம் விமர்சகர்கள் சேர்த்துவிடுவார்கள்.

அன்று மாலை குற்றாலம், சித்திரசபை. நடராஜரின் ஐந்து சபைகளில் இங்கே மட்டும் மூர்த்தி வார்த்ததோ செதுக்கியதோ அல்ல, எழுதியது. சுவரிலுள்ள சாயத்துக்கே பூஜை. கும்பிடும் சித்திரத்தை மங்கவிட முடியாது; மறுபடி எழுதியிருக்கிறார்கள். சித்தன்னவாசலிலும், ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததாகக் கல்வெட்டு உண்டு. திருமலாபுரத்தில் கும்பிட்டது கல்லை. சித்திரம் மேலே சும்மா இருந்தது, புகையை வாங்கிக்கொண்டு.

நண்பருக்குச் சித்திரசபைதான் பிடித்திருந்தது. எனக்கு இன்னும் தீர்மானமில்லை. மறுபடி எழுதினால் முதல் கை போய்விடுகிறது. எழுதாவிட்டால் அந்தக் கை இருக்கிறது, ஒரு சாண் அளவுக்கு. அது இன்று பாதுகாக்கப்பட்ட சின்னம். இனி யாரும் தூரிகை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் அந்தத் தாமரையின் ஓரத்தில் சாந்து பெயர்ந்து நிற்கிறது. அது விழுமுன் யாராவது போய்க் கோட்டுப்படமாகவாவது எடுத்துக்கொண்டு வரட்டும். இந்தப் பத்திரிகைக்கு அட்டைப்படம் போடும் நண்பர்களைத்தான் சொல்கிறேன்.