அறிவை வேண்டி நின்ற முன்னோர்
(சிதம்பரம் நோக்கிச் சென்ற இருவரின் வரலாறு)

வெள்ளி விழாக் காணும் நமது கல்விச் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு சங்கத்தார் பணித்தபோது, எதனை எழுதுவது என்று சில நாள் எண்ணிப் பார்த்தேன். சங்கம் வளர்ந்த கதையைச் செயலாளர் எழுதுவார். உதவி புரிந்த பெருமக்களைத் தலைவர் நன்றியோடு குறிப்பிடுவார். நான் ஓர் ஆசிரியன். மாணவர் கேட்ட கேள்விக்கு விடை கூறுவதே என் தொழில். ஆதலின், விடை கூறாது விட்ட ஒரு கேள்விக்கு இங்கே விடை எழுதத் துணிந்தேன்.

சென்ற சாரல் காலத்தில், ஒரு மாலை வகுப்பில், வழிபாடு முடிந்து பிள்ளைகள் அமர்ந்தபோது பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, நம் பாட்டன்மார் காலமெல்லாம் சாமி கும்பிட்டார்கள். கும்பிட்டு என்ன கண்டார்கள்? நமக்குப் படிப்பு வந்தது சட்டத்தால், அண்ணல் அம்பேத்கரால். அப்படியிருக்க, இந்த வகுப்பை ஏன் வழிபாட்டோடு தொடங்குகிறோம்?" என்று கேட்டான். வகுப்பு அமைதியாயிற்று. வெளியே ஐந்தருவியின் இரைச்சல் மட்டும் கேட்டது. "நல்ல கேள்வி; பின்னர் சொல்கிறேன்" என்று கூறிப் பாடத்தைத் தொடங்கிவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனை முதலில் ஒப்புக்கொள்வோம். உலகச் சமயங்கள் பலவற்றிலும் இறைவனிடம் அறிவை வேண்டும் வழக்கம் உண்டு. நெடிய வாழ்நாளையும் செல்வத்தையும் கேளாமல், நன்மை தீமை பகுத்துணரும் உள்ளத்தைக் கேட்டான் சாலமோன் அரசன் என்கிறது விவிலியம். 'இறைவா, என் அறிவைப் பெருக்குவாயாக' என வேண்டுமாறு இசுலாமியத் திருமறை கற்பிக்கிறது. வேதத்தின் காயத்திரி மந்திரம் அறிவைத் தூண்டுமாறு கதிரவனை வேண்டுவதே. ஆனால், அறிவு வேண்டும் அந்த மந்திரத்தைக் கேட்கவும் ஓதவும் நம் முன்னோர்க்கு உரிமை மறுக்கப்பட்டிருந்தது. கோயிலும் மூடியிருந்தது, பள்ளியும் மூடியிருந்தது.

வெகுதொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் குற்றாலத்தையே காண்போம். உலகமே வந்து நீராடும் இவ்வருவியில், கோயிலையொட்டிய வழியே சென்று நம் மக்கள் தடையின்றி நீராட இயலாத காலம் ஒன்று இருந்தது. 1934ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழ்நாடெங்கும் சுற்றிய காந்தியடிகள் குற்றாலத்திற்கும் வந்தார். ஒடுக்கப்பட்டோர்க்கு அங்கே உரிமை இல்லை என்பதை அறிந்து, அருவி நீரில் தாமும் நீராட மறுத்துவிட்டார். மலையிலிருந்து வீழும் நீருக்கே தடை போட்ட சமுதாயம், கல்விக்குத் தடை போட்டதில் வியப்பென்ன?

அப்படிப்பட்ட இருளில் நின்று இறைவனிடம் அறிவை வேண்டியவர்கள் என்ன கண்டார்கள் என்பதே கேள்வி. அதற்கு விடையாக இருவர் வரலாற்றைச் சொல்கிறேன். இருவரும் நம்மவர். இருவரும் இறைவனைத் தேடிச் சிதம்பரம் சென்றவர்கள். இருவர்க்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி.

முதலாமவர் மயிலாடி மகாராசன். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் நாகர்கோவிலுக்கு அருகில் உள்ளது மயிலாடி. இன்று கற்சிற்பங்களுக்குப் பேர்பெற்ற அவ்வூர், அன்று திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் பக்தி மிக்கவர். உண்மையை அறிய வேண்டும் என்ற வேட்கையால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தம் உறவினர் ஒருவருடன் கால்நடையாகச் சிதம்பரம் சென்றார். எத்தனை நாள் நடை! எத்தனை ஊர்களில் ஒதுங்கி நின்று தண்ணீர் கேட்டிருப்பார்! அங்குச் சென்றும் அவர் தேடிய நிறைவு கிட்டவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் தங்கினார். அங்கே கோலாப் என்னும் குருவானவரின் போதனையைக் கேட்டார். நெஞ்சில் அமைதி பிறந்தது. திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பினார்.

இளைஞர்களே, இதற்குப் பின் அவர் செய்ததை ஊன்றிக் கவனியுங்கள். தமக்குக் கிடைத்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. உறவினரைக் கூட்டி வைத்துப் போதித்தார். எதிர்ப்பு எழுந்தது, துன்பங்கள் வந்தன. 'எங்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்' என்பதே அவர் வேண்டுதலாயிற்று. வேண்டிவிட்டு வீட்டில் இருந்துவிடவில்லை. ஆசிரியரைத் தேடி மீண்டும் நெடுவழி நடந்து, இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்னும் செருமானியரைக் கண்டு அழைத்தார். அவர் 1806ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூரில் நுழைந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அதே ஆண்டில் அங்கே பாடசாலையும் தோன்றியது. 1816இல் ரிங்கல்தௌபே நாட்டை விட்டுச் சென்றபோது, சபைகளைக் காக்கும் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். நேற்றுவரை தெருவில் நடக்கத் தடை கண்டவர், ஒரு சபைக்கே காவலர் ஆனார்.

1818இல் மீட் என்னும் குருவானவர் நாகர்கோவிலைத் தம் பணிக்கு இருப்பிடமாக்கியபோது மயிலாடிப் பாடசாலையும் அங்கு மாறியது. அதுவே வளர்ந்து 1893இல் கல்லூரியாக உயர்ந்தது. இன்று நாம் அறியும் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியின் தொடக்கம் அந்தச் சிற்றூர்ப் பாடசாலைதான். தென்கோடியில் எல்லாச் சாதியாரும் எல்லாச் சமயத்தாரும் பயின்று பட்டம் பெறும் ஒரு கல்லூரியின் வேரைத் தோண்டிப் பார்த்தால், ஆசிரியர் வேண்டும் என்று இறைவனை இரந்து நடந்த நம்மவர் ஒருவரின் காலடித் தடம் தெரிகிறது.

இரண்டாமவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் அண்ணாமலை, அலமேலு. இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் பயின்றார். மதம் மாற அவர் உடன்படாமையால் அங்குப் படிப்பைத் தொடர இயலவில்லை. வேதமாணிக்கம் ஏற்றுக்கொண்ட வழியை இவர் மறுத்தார் என்பதை நான் மறைக்கவில்லை. அவரவர் மனச்சான்று அவரவர்க்கு வழிகாட்டியது. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளின் மடத்தை அடைந்து, தமிழும் வடமொழியும் சாத்திரங்களும் கற்றார். எந்தக் கல்வி நமக்கு இல்லையென்று மறுக்கப்பட்டதோ அந்தக் கல்வியிலேயே புலமை பெற்றார். குருவால் சகஜானந்தர் என்னும் பெயர் பெற்றார்.

1910இல் அவர் சிதம்பரம் வந்தார். எந்த ஊர்? நந்தனார் கோயிலுக்குள் நுழையத் தீயில் இறங்கினார் என்று பெரியபுராணம் கூறும் ஊர். நந்தனார் கதையை நம் இளைஞர் பலர் இன்று சினத்தோடு படிக்கின்றனர். அந்தச் சினம் தவறன்று. இறைவனைக் காண ஒருவன் தன் உடலை ஏன் தீக்குக் கொடுக்க வேண்டும்? சகஜானந்தருக்கும் அக்கதை தெரியும். அவர் நந்தனாரைப் போற்றினார். நந்தனார் பெயரில் மடம் அமைத்தார். ஆயினும் இன்னொரு நந்தன் தீயில் இறங்குவதற்கு அவர் வழி செய்யவில்லை. 1916இல் இருபத்தைந்து பிள்ளைகளைக் கொண்டு நந்தனார் பெயரால் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அதற்காக வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டினார். தில்லைக்கு வந்த பக்தர், தில்லையில் ஓர் ஆசிரியரானார்.

அப்பள்ளி வளர்ந்து ஆடவர்க்கும் மகளிர்க்கும் மேல்நிலைப் பள்ளிகளாக இன்று விளங்குகிறது. சுவாமிகள் பல்லாண்டு சட்டமன்றத்திலும் வீற்றிருந்து நம் மக்களின் கல்விக்கும் நிலத்துக்கும் வழிபாட்டு உரிமைக்கும் குரல் கொடுத்தார். 1959ஆம் ஆண்டு மே முதல் நாள் மறைந்தார். அவர் காவியும் உடுத்தார், சட்டமும் பேசினார், கரும்பலகையும் வைத்தார். அவர் வாழ்வில் இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படவில்லை.

என் மாணவன் அண்ணல் அம்பேத்கரைக் கூறினானே, அவர் வழி வேறன்றோ என்று சிலர் வினவலாம். ஆம். அவர் 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். நம் தமிழ்நாட்டில் அவருக்கு முன்னரே, 1898இல், அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அவருக்குத் துணை நின்ற கர்னல் ஆல்காட், 1894இல் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கியவர். பௌத்தத்தில் படைப்புக் கடவுளிடம் வேண்டுதல் இல்லை. ஆயினும் அங்கும் மனத்தை அடக்கி அமரும் தியானம் உண்டு. மெய்யறிவாகிய பிரக்ஞையே அதன் குறிக்கோள். நம் சங்கத்தில் சிவனை வழிபடுவோரும், இயேசுவை வழிபடுவோரும், புத்தரைப் போற்றுவோரும், எதனையும் வழிபடாதோரும் உள்ளனர். எவரையும் ஒரு வழிக்கு இழுப்பது என் நோக்கமன்று. எல்லா வழியிலும் நம் பெரியோர் அறிவையே முதற்பொருளாக வேண்டினர் என்று காட்டுவதே என் நோக்கம்.

ஆகவே, தம்பி, உன் கேள்விக்கு என் விடை இது. நம் பாட்டன்மாரின் வேண்டுதலில் இரு வகை இருந்தன. 'விதி இது, தாங்கிக்கொள்ள வலிமை தா' என்பது ஒன்று. அது நம்மை நெடுங்காலம் அங்கேயே நிறுத்தி வைத்தது. 'அறிவைத் தா, வழியைக் காட்டு' என்பது மற்றொன்று. அது வேதமாணிக்கத்தை மயிலாடியிலிருந்து நடக்க வைத்தது. சகஜானந்தரைப் பள்ளி கட்ட வைத்தது. சட்டம் கதவைத் திறந்தது, உண்மை. ஆயினும் சட்டம் வருவதற்கு முன்னரே கதவைத் தட்டியவர்கள் இவர்கள். தட்டிய கை இல்லாமல் எந்தக் கதவும் திறந்ததில்லை.

என் தந்தையாரைப் பற்றி ஒரு சொல். அவர் வயற்கூலி; கையெழுத்து அறியாதவர். நான் பள்ளியிறுதித் தேர்வுக்குப் படித்த நாள்களில் இரவுதோறும் கிழக்கு நோக்கிக் கைகூப்பி, "சாமி, எம் புள்ளைக்கு நல்ல புத்தியக் குடு" என்பார். மதிப்பெண்ணைக் கொடு என்றோ, வேலையைக் கொடு என்றோ அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வேண்டி முடித்ததும், அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைச் சாம்பலிட்டுத் துடைத்து, திரியைக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றி என் முன் வைப்பார். விடியுமுன் என்னை எழுப்பிவிட்டு வேலைக்குப் போவார். வேண்டுதல் எது, விளக்குத் துடைத்தல் எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்றும் தெரியவில்லை.

மாணவர்களுக்கு அறிவு வேண்டும் வழிபாட்டைக் கற்பிக்கும் பெற்றோர்க்கும் சங்க ஊழியர்க்கும் சில சொல்ல விரும்புகிறேன். தேர்வு நாளில் மட்டும் திருநீறு பூசுவதும், மெழுகுவத்தி ஏற்றுவதும் வழிபாடு ஆகா. அது அச்சத்தின் வேலை. நாள்தோறும் சிறிது நேரம் பிள்ளையை அமைதியாக அமரச் செய்யுங்கள். 'இன்று எனக்கு விளங்காதது எது?' என்று அது தன்னைத்தானே கேட்கட்டும். தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பணிவே அறிவின் வாயில். பின்பு, விளங்காததை விளக்குமாறு இறைவனை வேண்டட்டும்; எழுந்து சென்று ஆசிரியரையும் கேட்கட்டும். கேட்க அஞ்சும் பிள்ளை நம் தெருவில் இன்னும் இருக்கிறது. வகுப்பில் கை தூக்கக் கூசும் அந்தப் பிள்ளைக்கு, 'என்னைப் படைத்தவனிடமே நான் கேட்கலாம்' என்னும் துணிவு முதலில் பிறக்கட்டும். அத்துணிவு பிறந்தால் தலைமையாசிரியரிடம் கேட்கவும் அதிகாரியிடம் கேட்கவும் அது தயங்காது.

பெற்ற அறிவைப் பிறர்க்கு அளிப்பதில்தான் வேண்டுதல் நிறைவு பெறுகிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கத்தில் படித்தோர் பலர் இன்று பணியில் உள்ளனர். அவர்கள் வாரத்தில் ஒரு மாலை நம் வகுப்புக்கு வந்து ஒரு பிள்ளைக்குக் கணக்கோ ஆங்கிலமோ கற்பித்தால், அதுவே வெள்ளி விழாவின் உண்மையான காணிக்கை.

ஐந்தருவியில் நீர் ஐந்து கிளையாக வீழ்கிறது. எக்கிளையில் நின்று நீராடினாலும் நனைவது மேலிருந்து வரும் ஒரே நீரால்தான். என்னிடம் வினவிய அம்மாணவனை அடுத்த மாலை வகுப்பில் வழிபாட்டை நடத்துமாறு அழைத்துள்ளேன். அவன் விரும்பினால் இறைவனை வேண்டட்டும். விரும்பாவிடின் ஒரு நிமிடம் அமைதியாக நிற்கட்டும். அதன் பின்னர் அவன் இன்னொரு கேள்வி கேட்பான் என்று நம்புகிறேன். அதற்கு விடை தேடுவதற்கான அறிவை இறைவன் எனக்கும் அருள்வாராக!