இரண்டு வாத்தியார்கள்



சோரியாங்குப்பம் சேரியில் ‘வாத்தியார்’ என்றால் இரண்டு பேர். ஒருவர் நமக்குக் கூத்துக் கற்றுத்தந்தவர். அவர் நினைவாகவே இன்று கூடியிருக்கிறோம். மற்றவர் எம்.ஜி.ஆர். முன்னவர் பெயர் தென்பெண்ணையைத் தாண்டவில்லை. பின்னவர் படம் நம் குடிசைகளில் சாமி படங்களோடு மாட்டப்பட்டது. ஒரு நடிகர் எப்படி வீட்டில் ஒருவராகிறார் என்பதை இந்த இருவரையும் வைத்தே யோசிப்போம்.

திறமை மட்டும் காரணமல்ல. விடியவிடிய புஜக்கட்டையும் கிரீடமும் சுமந்து ஆடிய நம் ஆட்களிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. மேடையும் வெகுதூரமில்லை. நாடகத்தின் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில்தான் மறைந்தார், கருவடிக்குப்பத்தில் அடக்கமானார். அவர் வளர்த்த பாய்ஸ் கம்பெனி மரபில்தான் எம்.ஜி.ஆரும் சிறுவனாக மேடையேறினார்.

காரணம் வேறு. அவர் ஏற்ற வேடங்களில் உழைக்கிறவர்கள் தங்களையே பார்த்தார்கள். 1964இல் ‘படகோட்டி’யில் மீனவர், 1967இல் ‘விவசாயி’, 1971இல் ‘ரிக்‌ஷாக்காரன்’. அடிவாங்கிப் பழகியவர்கள், திரையில் ஒருவன் திருப்பி அடிப்பதைக் கண்டார்கள். டிக்கெட் காசு கொடுத்ததும், மன்றம் வைத்ததும், சுவரொட்டி ஒட்டியதும் அவர்களே. புகழை உண்டாக்கிய உழைப்பு அது. 1972 அக்டோபரில் தொடங்கிய அ.தி.மு.க. முதலில் ஆட்சி அமைத்தது தமிழ்நாட்டில் அல்ல, 1974 மார்ச்சில் நம் புதுச்சேரியில். அந்த ஆட்சி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. ஆனால் திரையில் பார்த்த முகம் வாக்காக மாறும் என்பதை அது காட்டிவிட்டது.

இதற்கு நாம் கொடுத்த விலையும் உண்டு. 1956இல் ‘மதுரை வீரன்’ வந்தது. அருந்ததியர் தம்மவராகக் கும்பிடும் வீரனாக எம்.ஜி.ஆர். நடித்தார். அந்தப் படத்தில் வீரன் அரண்மனையில் பிறக்கிறான். செருப்புத் தைக்கும் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் அந்தத் தம்பதியாக நடித்தார்கள். அரசப் பிறப்பு சினிமா புதிதாகச் சேர்த்ததல்ல, அச்சான கதைப்பாடலிலேயே இருக்கிறது. ஆனால் திரை அதை லட்சக்கணக்கானோர் மனதில் பதித்தது. வீரம் நம் வயிற்றில் பிறக்காது, நம் வீட்டில் வளரத்தான் செய்யும் என்று சொல்லும் கதைக்கு நாமே கைதட்டினோம்.

எம்.ஜி.ஆரை நேசித்தது தவறென்று நாம் சொல்லவில்லை. நம் தாய்மார்களின் அன்பைக் கேலி செய்யும் படிப்பு நமக்கு வேண்டாம். ஒரு பெயரை நிலைநிறுத்தும் வலிமை அந்த அன்புக்கு இருந்தது என்பதே நாம் கற்க வேண்டியது. அந்த வலிமையை நம் கலைஞர்களுக்காக நாம் செலவழிக்கவில்லை. வாத்தியாருக்கு ஒரு புகைப்படம்கூட நாம் எடுத்து வைக்கவில்லை.

ஆகவே இன்று ஒரு வேலையைத் தொடங்குவோம். கட்டியக்காரனாக நின்றவர், முகவீணை ஊதியவர், மிருதங்கம் அடித்தவர், பெண்வேடம் கட்டியவர் என ஒவ்வொருவர் பெயரையும் வீடுவீடாகக் கேட்டு எழுதுவோம். ஏட்டின் முதல் பக்கத்தில் நம் வாத்தியார் பெயர் இருக்கட்டும்.