ஊனமாஞ்சேரிப் பயிற்றுநரின் ஊதியமும் மாநில அரசின் கடமையும்

சட்டத்தைக் கையாளும் முறையைக் காவலர் ஒருவர் பணியில் சேர்ந்த முதல் சில மாதங்களிலேயே பெருமளவு பழகிவிடுகிறார். ஆதலால், அம்மாதங்களில் அவருக்குக் கற்பிக்கத் தகுதியானவர்களை ஈர்ப்பதற்குரிய கூடுதல் ஊதியத்தை மாநில அரசே தன் நிதியிலிருந்து வழங்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் 2008 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகம், நேரடியாகத் தேர்வுபெற்ற துணைக் கண்காணிப்பாளர்களுக்கும் உதவி ஆய்வாளர்களுக்கும் அடிப்படைப் பயிற்சி அளிக்கிறது. அதன் அருகிலேயே 2022 ஜனவரி 1 அன்று தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் தொடங்கப்பட்டது. புலனாய்வில் தேர்ந்த ஆய்வாளரை நிலையமும் வகுப்பறையும் ஒருசேர நாடுகின்றன. ஆனால், அதிகாரமும் மதிப்பும் நிலையத்தின் பக்கமே இருப்பதால், பயிற்சிப் பணியைத் துறையினர் ‘டம்மி போஸ்டிங்’ என்று சொல்லும் நிலை ஏற்படுகிறது. அந்தச் சொல் புழங்கும்வரை, நல்ல புலனாய்வாளர் தாமாக முன்வந்து கற்பிக்க வருவார் என்று எதிர்பார்க்க இயலாது.

கற்பிக்கவேண்டியதோ பெருகிவிட்டது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யவேண்டும் என்கிறது. பிரிவை மனப்பாடம் செய்விப்பது எளிது. பதிவை எங்கே தொடங்குவது, பறிமுதல் பட்டியலான மகஜரில் சாட்சிகள் கையொப்பமிடுவதையும் எப்படிப் பதிவுக்குள் கொண்டுவருவது, பதிவைத் தாமதமின்றி நடுவரிடம் எவ்வாறு சேர்ப்பது என்பவற்றை, மாதிரி அறை ஒன்றில் கைப்பேசியைக் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யவைத்துத் திருத்துபவரே பயிற்றுநர்; மகஜர் எழுதிப் பழகி, நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் நின்று பார்த்தவரால்தான் அது இயலும். கவாத்துப் போதகர் மைதானத்தில் ஊட்டும் கட்டுப்பாட்டுக்கும் இதே மதிப்பு உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்த தந்தை, மகனின் நினைவு, பிடிபட்டவர்மீது கைவைக்காதிருக்கும் பழக்கம் எங்கே ஊட்டப்படுகிறது என்ற கேள்வியைத் தமிழ்நாட்டின்முன் வைத்துள்ளது.

காவல் பயிற்சி பற்றிய கவலை புதிதன்று; அதை ஆராய்ந்த கோரே குழு 1973இலேயே அறிக்கை அளித்துவிட்டது. கற்பிப்போருக்குக் கூடுதல் ஊதியம் தருவதற்கும் முன்மாதிரி உண்டு. ஒன்றிய அரசின் பயிற்சி நிறுவனங்களில் ‘பயிற்சிப் படி’, அதாவது கற்பிக்க வருபவருக்கு அடிப்படை ஊதியத்தின்மேல் தரப்படும் கூடுதல் தொகை, ஏழாவது ஊதியக் குழுவுக்குப்பின் தேசிய நிலை நிறுவனங்களில் 24 சதவீதமாகவும் பிறவற்றில் 12 சதவீதமாகவும் உள்ளது. இங்கு விகிதமே முக்கியம். ரூபாயில் நிலையாகக் குறிக்கப்படும் படி விலைவாசியில் கரைந்துவிடும்.

செலவு பெரிதன்று. அடிப்படை ஊதியம் 40,000 ரூபாய் எனக் கொண்டால், 12 சதவீதம் மாதம் 4,800 ரூபாயாகும். 1,000 பயிற்றுநர்களுக்கு ஆண்டுக்கு 5.76 கோடி. தமிழ்நாட்டின் காவல்துறை மானியக் கோரிக்கை 10,000 கோடியைத் தாண்டிவிட்ட நிலையில், இது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காவல்துறை அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருப்பதால், பயிற்றுநர் ஊதியத்தைக் காவல்துறை நவீனமயமாக்கலுக்கு ஒன்றிய அரசு தரும் உதவியை நம்பி விடுவது பொருந்தாது.

படி உயர்ந்தால் செல்வாக்குள்ளோர் அவ்விடங்களைப் பிடித்துக்கொள்வர் என்ற மறுப்பு வலுவானது, புறக்கணிக்கத்தக்கதன்று. ஆகவே, மாதிரி வகுப்பெடுக்கச் செய்து தேர்ந்தெடுத்தல், மூன்றாண்டுக்குக் குறையாத பணிக்காலம், பின் களப்பணிக்குத் திரும்புதல், பயின்றோரின் மதிப்பீடு ஆகியவற்றையும் படி வழங்கும் அதே அரசாணையிலேயே நிபந்தனைகளாகச் சேர்க்கவேண்டும்.