இன்வார், எலின்வார்

இரும்பும் நிக்கலும் சேர்ந்த இரண்டு உலோகக்கலவைகள். வெப்பம் ஏறினாலும் நீளம் ஏறக்குறைய மாறாதது இன்வார். விறைப்பு மாறாதது எலின்வார். இரண்டையும் உருவாக்கியவர் சார்ல் எடுவார் கியோம் (1861–1938), சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை.

பாரிசை அடுத்த செவ்ரில் உள்ள பன்னாட்டு எடை அளவைப் பணியகத்தில் கியோம் 1883இல் சேர்ந்தார். மீட்டரின் அன்றைய மூலப்படி பிளாட்டினம்–இரிடியத்தால் ஆனது. ஆய்வகந்தோறும் அதே பொருளில் அளவுகோல் செய்து கொடுப்பது கட்டுப்படியாகவில்லை. மலிவான மாற்றைத் தேடியபோதுதான், 1896இல், 30 விழுக்காடு நிக்கல் கொண்ட தண்டு ஒன்று கையில் கிடைத்தது. இரும்பு, நிக்கல் இரண்டுமே பிளாட்டினத்தைவிட அதிகமாக விரிபவை. இந்தத் தண்டோ அதைவிடக் குறைவாக விரிந்தது. நிக்கல் அளவைக் கூட்டிக்கொண்டே போனதில், 36 விழுக்காட்டில் விரிவு மிகக் குறைந்தது. 1 மீட்டர் தண்டு 1 டிகிரி சூடேறினால் சுமார் 1 மைக்ரோமீட்டர் மட்டுமே நீளும்; வெறும் இரும்பு 12 நீளும். நில அளவைக் கம்பிகளும் வானாய்வகக் கடிகார ஊசல்களும் இன்வாருக்கு மாறின. ஆனால் வெப்பம் மாறாவிட்டாலும் அது ஆண்டுக்கணக்கில் நுண்ணளவு நீண்டுகொண்டே இருக்கும் என்பதால், மூலப்படியாகும் தகுதி அதற்கு வாய்க்கவில்லை.

கைக்கடிகாரத்தின் தொல்லை வேறு. சூட்டில் அதன் எஃகு ஹேர்ஸ்பிரிங் (மெல்லிய சுருள்வில்) தளர்வதால், கடிகாரம் டிகிரிக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 வினாடி பின்தங்கும். இதை ஈடுகட்ட ஈருலோகச் சமநிலைச் சக்கரம் செய்வது நுட்பமான, செலவு பிடிக்கும் வேலை. 12 விழுக்காடு அளவில் குரோமியம் சேர்த்த எலின்வார் அந்தச் சக்கரத்துக்குத் தேவையே இல்லாமல் செய்தது. கியோமின் பணிகளில் இதுவே நுட்பமானது எனலாம். நிக்கல் எஃகு ஆய்வுக்காக 1920இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எலின்வார் மென்மையானது என்பதால், 1930களில் பெரிலியம் கலந்த நிவாராக்ஸ் என்ற கலவை அதன் இடத்தைப் பிடித்தது.

இரண்டு விந்தைகளுக்கும் காரணம் காந்தம்தான். காந்த ஒழுங்கு இந்தக் கலவைகளைச் சற்றே உப்ப வைத்திருக்கிறது, நெகிழ வைத்தும் இருக்கிறது. சூடேற்றினால் அணு அதிர்வு பொருளை விரிக்கும், தளர்த்தும். அதே வேளையில் காந்த ஒழுங்கு குலைவதால் உப்பல் வடிந்து விறைப்பு கூடும். கியூரி வெப்பநிலையைத் தாண்டிக் காந்தம் போய்விட்டால் இன்வாரும் மற்ற உலோகங்களைப்போல விரியத் தொடங்கிவிடும். 2023இல் கால்டெக் ஆய்வாளர்கள் உயரழுத்தத்தில் அதிர்வின் பங்கையும் காந்தத்தின் பங்கையும் தனித்தனியே அளந்து, ஒன்றை மற்றொன்று கழித்துவிடுவதைக் காட்டினர்.

திரவ இயற்கை எரிவாயுவைச் சுமக்கும் கப்பல்கள் சிலவற்றில் தொட்டியின் உட்புறத்தை 0.7 மி.மீ. இன்வார் தகட்டால் வேய்கிறார்கள். மைனஸ் 163 டிகிரியில் சாதாரண எஃகுத் தகடு சுருங்கும் அளவைப் பற்றவைப்புகள் தாங்கமாட்டா.