சுண்ணக்கட்டிக் குறியிலிருந்து பூட்டு வரை: பணி அனுமதிச் சீட்டின் வரலாறு

எரிவாயுக் குழாய்க்குப் பக்கத்தில் வெல்டிங் வைக்க வேண்டும், மூடிய தொட்டிக்குள் இறங்க வேண்டும், ஓடிக்கொண்டிருந்த பம்பைப் பிரிக்க வேண்டும் என்றால் இன்று எந்தப் பெரிய ஆலையிலும் ‘பெர்மிட்’ வாங்காமல் கை வைக்க முடியாது. என்ன வேலை, எந்த இயந்திரம், எத்தனை மணி வரை, எந்தெந்த வால்வுகள் அடைக்கப்பட்டுள்ளன, காற்றைச் சோதித்தவர் யார் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். ஆலையை இயக்குபவரும் வேலையை ஏற்பவரும் அதில் கையெழுத்திடுவார்கள். வேலை முடிந்ததும் இயந்திரத்தைத் திருப்பி ஒப்படைப்பதும் அதே தாளில்தான்.

பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் இது பெரும்பாலும் ஒரு படிவமாகவே அறிமுகமாகிறது. கட்டங்களை நிரப்பும் முறை சொல்லித்தரப்படுகிறது, வளர்ந்து வந்த வழி சொல்லப்படுவதில்லை. அந்த வழியைப் பின்தொடர்ந்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. இம்முறையின் முன்னோடிகள் எல்லாம் ஆபத்து இருந்த இடத்திலேயே இருந்தவை, கையால் தொடக்கூடியவை. அனுமதி தாளாகி அலுவலகத்துக்குள் குடியேறியபோது அந்தப் பிடிப்பு தளர்ந்தது. 1988-க்குப் பின் வந்த முக்கியமான சீர்திருத்தங்கள் அதை மறுபடியும் வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டுவர முயன்றன. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

சுரங்கமும் தண்டவாளமும்

1812-இல் வடகிழக்கு இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 92 பேர் இறந்தனர். அந்த அதிர்ச்சிக்குப் பின் நடந்த தேடலில்தான் 1815-இல் ஹம்ஃப்ரி டேவியின் பாதுகாப்பு விளக்கு வந்தது. அது வெளிச்சம் தந்ததோடு சோதனைக் கருவியாகவும் பயன்பட்டது. மீத்தேன் கலந்த காற்றில் சுடரின் மேல் நீலநிறப் படலம் ஒன்று எழும். அதன் உயரத்தைப் பார்த்து வாயுவின் அளவை மதிப்பிட்டார்கள். இந்த விளக்கோடு மற்றவர்களுக்கு முன்னால் உள்ளே சென்று வருவது ‘ஃபயர்மேன்’ எனப்பட்ட மேற்பார்வையாளரின் பொறுப்பு. பிரிட்டனின் 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், ஷிப்ட் தொடங்குமுன் தகுதியுள்ள ஒருவர் வேலையிடங்களைப் பார்த்து, அறிக்கையைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று விதித்தது.

புத்தகத்தோடு இன்னொரு வழக்கமும் இருந்தது. ஃபயர்மேன் தான் பார்த்த இடத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டு வருவார். வேலைக்கு வரும் தொழிலாளி அந்தக் குறியைப் பார்த்த பிறகே மண்வெட்டியை எடுப்பார். புத்தகத்தை மேலே உட்கார்ந்தும் எழுதிவிடலாம். சுவரில் குறி போட வேண்டுமானால் அந்த இடத்துக்கு நடந்தே ஆக வேண்டும். அனுமதி முறையின் வரலாற்றில் இந்த வேறுபாடு திரும்பத் திரும்ப வருகிறது.

ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் ரயில்வே, அனுமதியை இடத்தோடு பிணைக்கும் இதே சிக்கலை ஒரு பொருளைக் கொண்டு தீர்த்தது. குறிப்பிட்ட பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு டோக்கன்தான் வெளியே வரும். அது கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்தக் கூடாது. தமிழ்நாட்டின் பழைய ஒற்றைப் பாதைகளில் பயணம் செய்தவர்கள், ஓடும் இஞ்சினிலிருந்து தோல்பை தொங்கும் பெரிய வளையத்தை ஊழியர் வாங்குவதையும் கொடுப்பதையும் பார்த்திருப்பார்கள். அந்தப் பைக்குள் இருந்தது இந்த அனுமதிதான்.

பொருள் கையில் இருந்தும் முறை தோற்ற நாள் ஒன்று உண்டு. 1921 ஜனவரி 26 அன்று வேல்ஸின் அபர்மியூல் நிலையத்துக்கு மான்ட்கோமெரி பக்கமிருந்து ஒரு பயணிகள் வண்டி வந்தது. ஓட்டுநர், தான் கடந்துவந்த பகுதிக்குரிய, ‘டேப்லெட்’ எனப்பட்ட டோக்கனைப் பையோடு கொடுத்தார். எதிர்த்திசையில் நியூட்டவுனிலிருந்து விரைவு வண்டி வந்துகொண்டிருந்ததால் அவர் அங்கே காத்திருக்க வேண்டும். பை கைமாறி, விடுப்பில் இருந்தவருக்குப் பதிலாக வந்திருந்த நிலைய அதிகாரியிடம் போனது. அடுத்த பகுதிக்கான புதிய டேப்லெட் அது என்று எண்ணி, பிரித்துப் பார்க்காமல் அதே ஓட்டுநரிடம் அவர் திருப்பிக் கொடுத்தார். ஓட்டுநரும் பார்க்கவில்லை. இரு வண்டிகளும் நேருக்கு நேர் மோதியதில் 17 பேர் இறந்தனர். வாங்குபவர் படிக்கவில்லை என்றால் சரியான அனுமதியும் தவறான அனுமதியும் ஒன்றுபோலவே பைக்குள் இருக்கும். இந்த விபத்தைத் தொழிற்சாலைப் பாதுகாப்பு வகுப்புகளிலும் கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மின்கம்பியும் மூடிய தொட்டியும்

மின்துறையில் அனுமதி முறை இன்னும் கூர்மையானது. பிரிட்டன் 1908-லேயே தொழிற்சாலை மின்சாரத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. விதிகளைவிட நடைமுறையே இங்கே அதிகம் கற்றுத்தருகிறது. தமிழ்நாட்டு மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறுமுன் துணைமின் நிலையத்தில் ‘எல்.சி.’ (லைன் கிளியர்) எடுக்கிறார்கள். நிலையத்தில் பணியில் இருப்பவர் பிரேக்கரைத் திறந்து, அந்த ஃபீடரைத் தனிப்படுத்தி, பதிவேட்டில் எழுதி, எல்.சி. கொடுக்கிறார். அத்தோடு முடிந்துவிடுவதில்லை. லைனில் உள்ள ஏ.பி. (ஏர் பிரேக்) சுவிட்சைத் திறந்து பூட்ட வேண்டும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகு, வேலை செய்யும் இடத்தின் இருபுறமும் எர்த் ராடு மாட்ட வேண்டும். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் ஒன்றிலிருந்து பின்வழியாக மின்சாரம் ஏறினால் துணைமின் நிலையத்துப் பிரேக்கரால் தடுக்க முடியாது. எர்த் ராடுதான் உயிரைக் காக்கும். வேலை முடிந்ததும் ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்களா, எர்த் ராடுகளைக் கழற்றியாயிற்றா என்று பார்த்துவிட்டு, எல்.சி. எடுத்தவரே அதைத் திருப்ப வேண்டும். வேறொருவர் அவருக்காகத் திருப்பக் கூடாது. பதிவேட்டு எண், பூட்டு, எர்த் ராடு ஆகிய மூன்றும் சேர்ந்ததே அனுமதி. எண் அதில் ஒரு பங்கு மட்டுமே.

இந்தியச் சட்டத்தில் எழுத்து வடிவ அனுமதியைத் தெளிவாகக் காண்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவில். அபாயகரமான வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் போன்ற இடத்துக்குள் ஒருவரை இறக்குவதற்கு அது இரண்டு வழிகளையே அனுமதித்தது. ஒன்று, தகுதியுள்ள ஒருவர் தானே செய்த சோதனையின் அடிப்படையில் எழுத்து மூலம் சான்றளிக்க வேண்டும். அல்லது, இறங்குபவர் சுவாசக் கருவியும், கயிறு கட்டிய இடுப்புப் பட்டையும் அணிந்திருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். இந்தப் பிரிவை நான் வியந்தே வாசிக்கிறேன். ‘தானே செய்த சோதனை’ என்ற நிபந்தனை, சான்றளிப்பவரைத் தொட்டியின் வாய்க்கே வரவழைக்கிறது. மேசையிலிருந்து கையெழுத்திட இச்சட்டத்தில் இடமில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெட்ரோ வேதியியல் ஆலைகள் பெருகின, சீட்டுகளும் பெருகின. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பராமரிப்பு வேலைகள் நடக்கும் ஆலையில் படிவம் இல்லாமல் நிர்வாகம் செய்ய இயலாது. அதன் பக்கவிளைவைப் பதிவு செய்தவர்களில் முதன்மையானவர் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த டிரெவர் கிளெட்ஸ். அவர் அடிக்கடி எடுத்துக்காட்டிய விபத்து ஒன்று: பழுதுபார்க்க ஒரு பம்பின் மூடியைத் திறந்தார்கள், சூடான எண்ணெய் பீறிட்டுத் தீப்பிடித்தது, மூவர் இறந்தனர். அனுமதிச் சீட்டு கொடுக்கப்பட்டிருந்தது. உறிஞ்சும் பக்கத்து வால்வோ திறந்தே கிடந்தது. ஆலை விபத்துகளைத் தொகுத்து கிளெட்ஸ் எழுதிய நூலின் முதல் அத்தியாயமே பராமரிப்புக்கு இயந்திரத்தைத் தயார்செய்வது பற்றியது.

பைப்பர் ஆல்ஃபா, 1988 ஜூலை 6

வடகடலில், ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு வடகிழக்கே சுமார் 190 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. அங்கே வாயுவிலிருந்து பிரியும் திரவத்தை அழுத்தி அனுப்ப ஏ, பி என்று இரண்டு பம்புகள். அன்று பகலில் பம்ப் ஏ தொடர்பாக இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று, பம்பின் பெரிய பராமரிப்புக்கு; அந்த வேலை இன்னும் தொடங்கப்படவில்லை. மற்றொன்று, அதே பம்பின் குழாயில் இருந்த அழுத்தத் தணிப்பு வால்வைக் கழற்றிச் சோதிப்பதற்கு. வால்வு கழற்றப்பட்டது. மாலைக்குள் வேலை முடியாததால், திறந்த குழாய் முனையில் ஒரு மூடுதகட்டை வைத்துவிட்டு, சீட்டை நிறுத்திவைத்தார்கள். தகட்டின் போல்ட்டுகள் கசிவைத் தடுக்கும் அளவுக்கு முறுக்கப்படவில்லை என்பது பின்னர் விசாரணையில் தெரிந்தது.

மாலை 6 மணிக்கு ஷிப்ட் மாறியது. வால்வு இல்லை என்ற செய்தி இரவு ஷிப்ட்டுக்கு வாய்மொழியாகப் போய்ச் சேரவில்லை. நிறுத்திவைத்த சீட்டுகள் கட்டுப்பாட்டு அறையில் இல்லை, பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்தன. ஒரே பம்புக்கான இரண்டு சீட்டுகளில் ஒன்றில்கூட மற்றொன்றைப் பற்றிய குறிப்பு இல்லை. வால்வு இருந்த இடமோ பம்பின் அருகில் நின்றால் கண்ணில் படாத மேல்மட்டம்.

இரவு 9.45 வாக்கில் பம்ப் பி நின்றுபோனது. மறுபடி ஓடவில்லை. மேடையின் மின் உற்பத்தியே நின்றுவிடக்கூடிய நிலை. கையில் இருந்த தகவலின்படி பம்ப் ஏ-யில் பராமரிப்பு தொடங்கவே இல்லை. எனவே அதை ஓட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். தெரிந்த அளவுக்கு அது நியாயமான முடிவு. சுமார் 10 மணிக்கு முதல் வெடிப்பு. அடுத்தடுத்துப் பெரிய வாயுக் குழாய்கள் வெடித்தன. 167 பேர் இறந்தனர். மேடையிலிருந்து 61 பேர் உயிர் தப்பினர்.

இதே மேடையில் முந்தைய ஆண்டு ஒரு தொழிலாளி இறந்திருந்தார். அனுமதிச் சீட்டிலும் ஷிப்ட் ஒப்படைப்பிலும் இருந்த குறைகள் அப்போதே வெளிப்பட்டன. விசாரணை நடத்திய நீதிபதி கல்லன் 1990-இல் அளித்த அறிக்கையில், எழுதிவைத்த நடைமுறையை ஊழியர்கள் தெரிந்தே கைவிட்டிருந்ததைக் கடுமையாகச் சுட்டினார். நடைமுறை ஏட்டில் இருந்தது. பழக்கத்தில் இல்லை.

அறிக்கையின் 106 பரிந்துரைகளில் நம் வாதத்துக்கு மையமானவை இரண்டு. வால்வுகளை அடைத்தால் மட்டும் போதாது. அவற்றை உண்மையாகவே பூட்டி, அடையாளச் சீட்டு கட்ட வேண்டும். வேலை முடிந்து இயந்திரம் மறுபடி இயக்கத்துக்கு ஒப்படைக்கப்படும்வரை சீட்டும் பூட்டுகளும் நடைமுறையில் இருக்க வேண்டும். பம்ப் ஏ-யில் அன்றிரவு ஒரு பூட்டு தொங்கியிருந்தால், யாரும் எதையும் சொல்லாமலேயே இரவு ஷிப்ட் அதன் முன் நின்று கேள்வி கேட்டிருக்கும்.

1989-இல் அமெரிக்காவும் இயந்திரங்களைப் பூட்டி அடையாளச் சீட்டு கட்டுவதை நாடு தழுவிய விதியாக்கியது. பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு 2005-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், சீட்டின் படி வேலையிடத்திலும் கட்டுப்பாட்டு அறையிலும் வழங்கியவரிடமும் இருக்க வேண்டும் என்கிறது. ஒன்றையொன்று பாதிக்கும் வேலைகளின் சீட்டுகளில் பரஸ்பரக் குறிப்பு கேட்கிறது. நிறுத்திவைத்த சீட்டுகளைத் தனியே கண்காணிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு வரியிலும் அந்த ஜூலை இரவு தெரிகிறது.

இந்தியாவில்

போபால் ஆலையில் விஷவாயு கசிந்த 1984 டிசம்பர் 2 இரவு, வெளியேறும் வாயுவை எரித்திருக்க வேண்டிய சுடர்க்கோபுரம் வேலை செய்யவில்லை; அதற்குச் செல்லும் குழாயின் ஒரு பகுதி பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. அன்று, தடுப்புத் தகடு செருகாமல் குழாய்களைத் தண்ணீரால் கழுவியதாகத் தொழிலாளர்கள் கூறினர். தொட்டிக்குள் தண்ணீர் புகுந்த வழி அதுதானா என்பதில் ஆலையின் நிறுவனம் மாறுபட்டது, சர்ச்சை தீரவில்லை. கழற்றிய குழாய் பற்றிச் சர்ச்சை இல்லை. பாதுகாப்புக் கருவி ஒன்று பழுதுபார்ப்பில் இருந்தபோது, அது கட்டுப்படுத்த வேண்டிய விஷம் தொட்டியில் நிறைந்திருந்தது. இரண்டையும் ஒரே பார்வையில் கொண்டுவரும் அனுமதி முறை அங்கே இயங்கவில்லை.

1986-இல் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் அமைந்தது. அதன் 105-ஆம் எண் தரநிலை பணி அனுமதி முறைக்கே உரியது. மணலி உள்ளிட்ட சுத்திகரிப்பு ஆலைகளில் பெர்மிட் எழுதுவது இந்த வழியில்தான். 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயத் தொழில்களுக்கென ஒரு புதிய அத்தியாயம் சேர்ந்தது. பெரிய ஆலைகளைப் பொறுத்தவரை விதிகளுக்குக் குறைவில்லை. அங்கே ஆராய வேண்டியது, பராமரிப்பைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியின் கைக்கு அந்தச் சீட்டு எந்த மொழியில் போய்ச் சேர்கிறது என்பதை. ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தில் தமிழரோ ஒடிசாக்காரரோ பீகாரியோ போடும் கையெழுத்து, அபர்மியூலில் பிரிக்கப்படாத பையைவிட மேலானதல்ல.

இந்த விதிகள் எட்டாத இடம் ஒன்றும் இருக்கிறது. 36-ஆம் பிரிவு தொழிற்சாலைக்கு மட்டுமானதாக இருந்தது. வீட்டு செப்டிக் டேங்கிலும் தெருவின் பாதாளச் சாக்கடையிலும் அதே வாயுக்கள், அதே குறுகிய வாய். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கிய இன்னொருவரும் சேர்ந்து இறக்கும் செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட இத்தகைய மரணக் கணக்குகளில் நம் மாநிலம் முன்வரிசையில் இருந்திருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. உச்ச நீதிமன்றம் 2014-இல் இழப்பீட்டை 10 லட்சம் ரூபாய் என்று வகுத்து, 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடோ மரணத்துக்குப் பின் வருவது. இறங்குவதற்கு முன், காற்றைத் தானே சோதித்து, மூடியின் அருகில் நின்று, எழுதிக் கையெழுத்திடும் ஒருவரை அந்த வேலையிடத்தில் கட்டாயமாக்க வேண்டும். கழிவுநீர் லாரிகளுக்கு உரிமம் தரும் உள்ளாட்சி அமைப்புகளே அந்தக் கையெழுத்தை உரிமத்தின் நிபந்தனையாக வைக்கலாம். வாசகத்தைப் புதிதாக எழுதக்கூட வேண்டாம், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தயாராக இருக்கிறது.