பரத்பூர் நீர்ப்பறவை வேட்டையும் மறைவிட அமைப்பும்

வேட்டை பற்றிய சங்கப் பாடல்களில் வேடனின் வில்லைக் காட்டிலும் அவன் ஒளிந்திருக்கும் இடமே சில வேளைகளில் நுட்பமாகச் சித்திரிக்கப்படுகிறது. நீர் உண்ண வரும் பன்றியை எதிர்நோக்கி எயினர் பள்ளத்தில் பதுங்கியிருக்கும் காட்சியைப் பெரும்பாணாற்றுப்படை தருகிறது. அப்பள்ளத்திற்குப் ‘பயம்பு’ என்று பெயர். ‘பார்வை’ என்னும் சொல் பழக்கி நிறுத்திய விலங்கையோ பறவையையோ குறித்தது. நற்றிணையில் பார்வை வேட்டுவனின் வலை கண்டு பறவை வெருள்கிறது. மறைவும் ஈர்ப்பும் ஒரே தொழிலின் இரு கூறுகள் என்பது இதனால் புலனாகும்.

இவ்விரு கூறுகளும் ஒரு நிலப்பரப்பு முழுவதற்கும் விரிக்கப்பட்ட இடம் இராசத்தானத்துப் பரத்பூர். 18ஆம் நூற்றாண்டில் சூரஜ்மல் காலத்தில் கம்பீர், பாணகங்கை ஆறுகளின் நீரைத் தேக்க அஜான் அணை எழுப்பப்பட்டது. 1890களின் இறுதியில், ஆட்சி நிர்வாகியாக இருந்த மோர்வி அரச குடும்பத்து ஹர்பம்ஜி, அந்நீரை வாய்க்கால்கள் வழியே தாழ்நிலத்திற்குக் கொணர்ந்து, கரைகளாலும் மதகுகளாலும் அதனைப் பல குளங்களாகப் பகுத்தார். ஆழமற்ற நீரும் புல்லும் குளிர்கால வலசைப் பறவைகளை ஈர்த்தன. பார்வை விலங்கின் வேலையை இங்கு நீரே செய்தது எனலாம்.

மறைவிடம் அமைப்பதில் மூன்று செய்திகள் இன்றியமையாதவை. அங்குள்ள நாணலும் புல்லும் கொண்டே மறைப்பு வேயப்பட வேண்டும். புதிய நிறம் பறவையை விலக்கிவிடும். அதனை முன்கூட்டியே அமைத்துப் பறவைகளின் கண்ணுக்குப் பழக்க வேண்டும். வாத்து காற்றை எதிர்த்தே இறங்குமாதலால், காற்று வேடனின் முதுகுப்புறமிருந்து வீச வேண்டும். பரத்பூரில் துப்பாக்கியர் ஒருவருக்கொருவர் தொலைவில் நிறுத்தப்பட்டனர். ஒரு குளத்தில் வெடியோசை கேட்டு எழுந்த கிளுவையும் ஊசிவால் வாத்தும் அடுத்தவர் தலைக்கு மேலே பறந்தன. நெடும்பொழுது பொறுத்திருக்கும் எயினனுக்கும் இவ்விருந்தினர்க்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். மறைப்பு பெயரளவில் எஞ்ச, பறவைகளை ஓயாமல் கலைப்பதே முறையாகிவிட்டது.

1902இல் கர்சன் பிரபு காலத்தில் தொடங்கிய இப்பெருவேட்டை 1938 நவம்பர் 12 அன்று உச்சம் கண்டது. லின்லித்கோ பிரபு பங்கேற்ற அன்று ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. கேவலாதேவ் கோயிலருகே உள்ள கல்வெட்டு இத்தகைய நாள்களையும் விருந்தினரையும் எண்ணிக்கையையும் வரிசையாகத் தருகிறது. மறைப்பு கட்டியவர், நீரில் இறங்கி வீழ்ந்த பறவைகளைப் பொறுக்கியவர் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கல்வெட்டைச் சான்றாகக் கொள்வோர் இக்குறையை உளங்கொள்ளல் தகும்.

விடுதலைக்குப் பின் சதுப்பை வடித்து விளைநிலமாக்கும் கோரிக்கை எழுந்தபோது, பறவையியலாளர் சாலிம் அலி அதனை எதிர்த்து நேருவிடம் முறையிட்டார். 1956இல் அது பறவைகள் புகலிடமாயிற்று. எனினும் மன்னரின் வேட்டையுரிமை 1972 வரை நீடித்தது. புகலிடமும் வேட்டைக்களமும் பதினாறு ஆண்டுகள் ஒரே நிலத்தில் இருந்தமை வியப்பிற்குரியது. 1985இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற அச்சதுப்பு, இன்றும் வெளியிலிருந்து கொணரப்படும் நீரையே நம்பியிருக்கிறது. வேட்டைக்கென எழுப்பிய கரைகளின் மீதுதான் பறவை காண்போர் நடக்கின்றனர்.